யாருக்கு வைத்தியம்?

பிரெஞ்சு உளப்பகுப்பாய்வு டி. கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தது எம்.ஏ. ப்ராஜெக்ட் வழியாகத்தான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி பாமாவின் ‘கருக்கு’ நூலை ழாக் லக்கானை வைத்து ஆராய வேண்டும். தலைப்பு வழிகாட்டி கொடுத்தது. “பாமாவுக்குள்ள என்ன குறை, என்ன ஏக்கம்னு கண்டுபிடிச்சு எழுதணுமாம்க்கா” என்றாள். கல்லூரிகளில் இந்தக் கோட்பாடு எப்படிப் புழங்குகிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. சேரியில் பிறந்த எழுத்தாளரைச் சோதித்துப் பார்க்கலாம். அவரைச் சேரியில் வைத்தவர்களின் மனத்தை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

லக்கானின் அடிப்படைக் கருத்து அப்படியொன்றும் பூதமில்லை. ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கைகால் இன்னும் சொன்னபடி கேட்காது. கண்ணாடியில் மட்டும் முழு உருவமாகத் தெரிகிறது. அந்த உருவத்தைப் பார்த்து ‘இதுதான் நான்’ என்று அது நினைத்துக்கொள்கிறது. ஆக, ‘நான்’ என்பதே வெளியிலிருந்து கடன் வாங்கிய படம். இதை அவர் 1936இல் மரியன்பாத் மாநாட்டில் பேசப் போனார். பத்து நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதே 1936இல் லாகூரில் அண்ணல் அம்பேத்கரைப் பேசவே விடவில்லை. அவர் அந்த உரையைச் ‘சாதி ஒழிப்பு’ என்று சொந்தச் செலவில் அச்சடித்தார். சாதி மனத்துக்குள் குடியிருப்பது என்று அதில் வாதிட்டவர் அவர். இந்த இரண்டு 1936களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை.

தமிழில் இந்த வேலை நடக்காமல் இல்லை. தமிழவன் 1982இலேயே அமைப்பியலைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 90களின் தொடக்கத்தில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி நடத்திய ‘நிறப்பிரிகை’ பிரெஞ்சுச் சிந்தனையையும் தலித் அரசியலையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியது. பல்கலைக்கழகம் செய்யாததைச் சிறுபத்திரிகை செய்தது.

ஆனாலும் நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியவர் ஃபனான்தான். மார்த்தினிக் தீவில் 1925இல் பிறந்த கறுப்பர், மனநல மருத்துவர். மடகாஸ்கர் மக்களுக்குச் ‘சார்ந்திருக்கும் மனப்பான்மை’ முன்பே இருந்தது, அதனால்தான் அவர்களை ஆள முடிந்தது என்று ஒக்டாவ் மனோனி 1950இல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில், ஃபனான் அதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கி மனோனியைக் கிழித்துத் தொங்கவிட்டார். தாழ்வு மனப்பான்மையை உண்டாக்கியவன் ஆள வந்தவன்தான் என்றார். லக்கானை அவர் தூக்கி எறியவும் இல்லை. அதே நூலில் ஆடிப்பருவம் பற்றி நீளமான அடிக்குறிப்பு ஒன்று இருக்கிறது. கருவியை வாங்கிக்கொண்டு அதைத் திருப்பிப் பிடித்தார், அவ்வளவுதான்.

மனோனி இன்னும் நம் ஊர்ப் பக்கம் உலவிக்கொண்டுதான் இருக்கிறார். நான் போகும் பயிற்சி வகுப்புகளில் ‘காலனிப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறைவு’ என்றுதான் பாடம் தொடங்கும். ஊர்த்தெருப் பிள்ளைகளின் உயர்வு மனப்பான்மைக்கு ஒரு வகுப்புகூட நடந்து நான் பார்த்ததில்லை.

லக்கானிடம் நமக்கு உதவக்கூடிய வேறொரு சரக்கு உண்டு. இன்பம் பற்றிய கோட்பாடு அது. பின்னாளில் அவருடைய மருமகன் ழாக்-அலன் மில்லர் அதை இனவெறிக்குப் பொருத்தி விரித்தார். ‘எனக்குச் சேர வேண்டிய இன்பத்தை இவன் திருடி அனுபவிக்கிறான்’ என்ற எண்ணம்தான் அடுத்தவன் மேலான வெறுப்பின் அடியில் கிடக்கிறது என்கிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தத்தில் என்ன எரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பைக், பீரோ, டிவி. அதற்குப் பிறகு மேடையில் பேசப்பட்டது என்ன? ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ். நிலத் தகராறு என்று மட்டும் சொன்னால் இந்தக் கூலிங் கிளாஸுக்கு விளக்கம் கிடைக்காது.

எங்கள் பேரையூர் வட்டத்து உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 கலவரத்துக்குப் பின் எழுந்த சுவர்; 2008இல் அதன் மேல் மின்கம்பியும் இழுத்தார்கள். அந்த மே 6ஆம் தேதி அரசு இடித்தது ஏறத்தாழ பதினைந்து அடிதான், ஒரு பாதைக்கு வேண்டிய அகலம். அதற்கே ஆதிக்க சாதிக் குடும்பங்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். யாருடைய வயலும் பறிபோகவில்லை, வீடும் போகவில்லை. அப்படியானால் போனது என்ன? அவர்களின் ‘நான்’ அந்தச் சுவரில்தான் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கண்ணாடியை வைத்து ஒரு ஆய்வேடு வரட்டும், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சாதிவெறியை மனநோய் என்று சொல்லிவிட்டால் குற்றவாளி நோயாளியாகித் தப்பிவிடுவான். ஆதிக்கம் செய்பவர் மனத்தைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் அவர்மேல் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்ட பிறகு. கூலி, நிலம், பஞ்சாயத்து இவற்றை ஒதுக்கிவிட்டு ஆழ்மனத்துக்குள் குதிக்கும் கட்டுரைகளும் எனக்கு ஒத்துவருவதில்லை.

காவல் நிலையத்தில் காரணம் கேட்டால் ‘முன்விரோதம்’ என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். அதனால் புகார் எழுத உதவும்போது உடைத்த, எரித்த பொருள்களைத் தனிப்பட்டியலாக எழுதச் சொல்கிறேன்: என்ன பொருள், என்ன விலை, வாங்கி எத்தனை நாள். நிவாரணத்துக்கும் அது வேண்டும். வண்டி வாங்கிப் பதினோராவது நாள் எரிந்திருந்தால் அந்தப் பதினொன்று காகிதத்தில் இருக்க வேண்டும்.