இரண்டு மில்லிகிராம் யாருக்காக?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும் எண் ஒன்று உண்டு. காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அது. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். நிலையத்தை இயக்குபவர் மீட்டரில் அதைக் கண்டதும் அமைதியடைகிறார். அந்த 2 யாருக்காக என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுகிறது.

தொட்டியில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பான்மையானவை கரிமப் பொருளைத் தின்று விரைந்து பெருகுபவை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை சிறுபான்மை. இவ்விரு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதை வினோகிராட்ஸ்கி 1890களின் தொடக்கத்திலேயே காட்டினார். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுமையாக நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. இத்தனை ஆக்சிஜனைச் செலவிட்டும் அவ்வுயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். ஆகவே அவை மெல்ல வளர்கின்றன. ஒருமுறை அழிந்தால் மீண்டும் நிலைகொள்ள வாரக்கணக்கில் ஆகலாம்.

மீட்டர் அளப்பது நீரை. நைட்ரேட்டாக்கிகள் வாழ்வதோ கசடுத் திரள்களுக்குள்ளே. வெளியிலிருந்து ஊடுருவும் ஆக்சிஜனை மற்ற பாக்டீரியாக்கள் வழியிலேயே எடுத்துக்கொள்கின்றன. பெரிய திரளின் மையத்தை அது எட்டாமலே போகலாம். எனவே 2 என்பது நைட்ரேட்டாக்கியின் பசியளவு அன்று. திரளின் தடிமனையும் அதனுள் நிலவும் போட்டியையும் தாண்டிச் செல்வதற்கான கூடுதல். கரிமச் சுமை ஏறும் காலையில் அது போதாமல் போகலாம். சுமை தணிந்த பின்னிரவில் மிகையாகலாம்.

ஆக்சிஜன் திடீரெனக் குறைந்தால் பொதுவாக இரண்டாம் படியே முதலில் தளர்கிறது. நைட்ரைட் தேங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடும் கூடுதலாக வெளியேறக்கூடும். நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்ட வல்லது. மின்சாரத்தைச் சேமித்துத் தவிர்த்த உமிழ்வு இவ்வழியே திரும்பி வந்துவிடலாம்.

மெல்லக் குறைத்தால் நிலைமை வேறு. கசடு வயதை நீட்டித்து, நுண்ணுயிர்கள் இசைவதற்குக் காலம் கொடுத்தால், 0.5 மில்லிகிராமிலும் அதற்குக் கீழும் நைட்ரேட்டாக்கம் நிறைவாக நடப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய தொட்டிகளில் நைட்ரோஸ்பைரா இனங்கள் மேலோங்குவதுண்டு. அவற்றுள் சில இரு படிகளையும் தாமே செய்து முடிக்கும் என்பது 2015இல் தெரியவந்தது. ஆதாயமும் சிறிதன்று. 30 டிகிரி செல்சியசில் தூய நீரே சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். தொட்டியை 2இல் நிறுத்தினால் ஆக்சிஜனைக் கரையச் செய்யும் வேறுபாடு 5.5, 0.5இல் நிறுத்தினால் 7. அதே அளவு ஆக்சிஜன் கரைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவாகப் போதும். நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு காற்றூட்டலுக்கே போவதால் இது பெரிய சேமிப்பு.

ஆனால் நம் நாட்டில் புளோயர்கள் நிற்பது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அன்று. மின்வெட்டும் மின்கட்டணமும் அவற்றை நிறுத்துகின்றன. அப்போதும் கரிமப் பொருள் ஓரளவு நீங்கிவிடும். அம்மோனியா அப்படியே வெளியேறும். 2015ஆம் ஆண்டின் வரைவு விதியில் அம்மோனியா நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையில் அது இல்லை. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜனுக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பை மீண்டும் முன்வைத்தது. சட்டம் கேட்காத அளவை எந்த நிலையமும் தானாக முன்வந்து அளப்பது அரிது.

தொட்டியில் மறுக்கப்பட்ட அந்த 4.57 கிராம் ஆக்சிஜனை ஆறுதான் தர வேண்டியிருக்கிறது. யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போது டெல்லியின் வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. அம்மோனியா குளோரினோடு வினைபுரிந்து கிருமிநீக்கத்தைக் குலைக்கிறது. குழாயடியில் காத்திருப்பவருக்கு நைட்ரேட்டாக்கம் என்ற சொல் தெரியாது. அது நடக்கவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது.

குறைந்த ஆக்சிஜன் குறித்த ஆய்வு இந்தியாவுக்கு மிகத் தேவையானது. அதை மேற்கொள்பவர்கள் தொட்டிக்குள் ஆக்சிஜன் மீட்டரை வைப்பதோடு நில்லாமல், வெளியேறும் நீரில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அன்றாடம் அளக்க வேண்டும். அவ்விரண்டும் அடங்கியிருந்தால் 0.5 போதும். அவை ஏறத் தொடங்கினால், மீட்டர் 2 என்று காட்டினாலும் தொட்டியில் காற்று போதவில்லையா, கசடு வயது போதவில்லையா என்று தேட வேண்டும்.