மொட்டை மாடிக் குத்துச்சண்டை

வடசென்னைக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. சார்பட்டா, இடியப்ப என்று பரம்பரை பரம்பரையாக மோதிக்கொண்ட காலத்தை அங்குள்ள தாத்தாக்கள் இன்றும் பேசுவார்கள். 2021-ல் பா.இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்த பிறகு ஊரே பேசியது. ஆனால், அந்தப் பேச்சில் கிளவுஸ் போட்ட பெண்கள் அதிகம் வருவதில்லை. ஒலிம்பிக்கில்கூடப் பெண்கள் குத்துச்சண்டை 2012-ல்தான் நுழைந்தது. அந்த முதல் முறையிலேயே, இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான மேரி கோம் வெண்கலம் வாங்கி வந்தார்.

இப்போது பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஐந்து பெண்கள் குத்துகிறார்கள். யாரும் பதக்கத்துக்காக வரவில்லை. ஒருவருக்கு எடை குறைய வேண்டும், ஒருவருக்குத் தூக்கம் வர வேண்டும், ஒருவருக்குக் கம்ப்யூட்டர் தந்த கழுத்து வலி போக வேண்டும். கற்றுத் தருபவர் இருபதுகளில் இருக்கும் பெண். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு வருவார். கிளவுஸ், பேட், ஸ்கிப்பிங் கயிறு, ரவுண்டுக்கு மணி அடிக்கும் டைமர் எல்லாம் அதற்குள் இருக்கும். ஜிம்முக்குப் போய்வரும் நேரம் மிச்சம். ஒருவராகக் கொடுத்தால் கட்டுப்படியாகாத கட்டணத்தை ஐவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் அவர் ‘கோச்’. அவருக்கு நான்கு பேர் ‘அக்கா’, ஒருவர் மட்டும் ‘அம்மா’.

அந்த அம்மாவுக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து வருடமாகச் சர்க்கரை. நான்கு அக்காக்களில் ஒருத்தி அவருடைய மருமகள்.

மருமகள்தான் முதலில் சேர்ந்தாள். வீட்டில் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் குளியலறைதான். அதனால் மாடியில் கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பெரிய சொத்தாக நினைத்தாள். ஆனாலும், அத்தை தனியாக அடுப்படியில் நிற்கிறாரே என்ற உறுத்தலில் பாதி நாள் ஆறரைக்கே இறங்கி வந்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து, “வெறும் நடை போதாது, தசைக்கும் வேலை கொடுங்க” என்று டாக்டர் மாமியாரிடம் சொன்னார். “நானும் மாடிக்கு வரட்டுமா?” என்று மாமியார் கேட்டார். “வாங்க அத்தை” என்றாள் மருமகள். அன்று இரவு கணவனிடம், “எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்” என்றாள். அவனிடமிருந்து பதில் வரவில்லை.

கோச் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் சம்மதம் சொன்னாரா, கண் பரிசோதனை எப்போது செய்தது, என்ன மாத்திரை என்று கேட்டார். வெறும் வயிற்றில் வரக் கூடாது, வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் காயம் பட்டாலும் சில நேரம் தெரியாது.

முதல் நாள் முழுக்கக் கட்டுப் போடும் பாடம்தான். நாலரை மீட்டர் துணியை மணிக்கட்டிலும் விரல் முட்டியிலும் சுற்ற வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடித்துக் குத்தினால் எலும்பு போய்விடும். அது வெளியேதான் இருக்க வேண்டும். “குத்து கையிலேர்ந்து வராதும்மா. பின்னங்கால்லேர்ந்து கிளம்பி, இடுப்பு திரும்பி, கடைசியாத்தான் கைக்கு வரும்” என்றார் கோச். ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். அது எவ்வளவு நீளம் என்று அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் கிளவுஸ் போட்டவர்களுக்கும்தான் தெரியும். அம்மாவுக்கு மட்டும் ஒரு நிமிடத்தில் தொடங்கினார்கள்.

மூன்றாவது வாரம் ஜோடி பிரித்தார்கள். ஒருவர் பேட் பிடிக்க, மற்றவர் குத்த வேண்டும். மருமகளுக்கு மாமியார் வந்து வாய்த்தார். மருமகள் பேட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். தொடும்போதெல்லாம் “சாரி அத்தை” என்றாள். “அக்கா, பாவம் பார்த்துக் குத்தினா அது ஓரத்துல வழுக்கும். அவங்க மணிக்கட்டுதான் திரும்பும். நடுவுல நேரா குத்துங்க” என்றார் கோச். மாமியார் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, “அடிம்மா. முப்பது வருஷம் எட்டாங்கிளாஸ் பசங்களைச் சமாளிச்சவ நான்” என்றார்.

அடுத்த குத்து ‘பட்’டென்று மாடி முழுக்கக் கேட்டது. மாமியார் அரை அடி பின்னால் போய், திரும்ப வந்து நின்று, “ம், அடுத்தது” என்றார்.

பிறகு கை மாறியது. பேட் பிடிப்பவர் எதிரே இருப்பவரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முகத்தையும் தோளையும் பார்க்க வேண்டும். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்தது அன்றுதான். நாற்பது விநாடியில் மாமியாரின் தோள் நடுங்கத் தொடங்கியதையும், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை கையை இறக்காததையும் மருமகள் பார்த்தாள்.

இதோடு இருவரும் தாயும் மகளும் ஆகிவிட்டார்கள் என்று முடித்தால் அது பொய். சாம்பாரில் புளி கூடியதா குறைந்ததா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. மாறியது வேறு. முன்பு ஒருத்தி மாடியில் இருந்தால் இன்னொருத்தி அடுப்படியில் இருந்தார். இப்போது இரண்டு பேரும் மாடியில். முதல் வாரம் பேரனின் டிபன் பாக்ஸ் தயாராகவில்லை. ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. இரண்டாவது வாரம் மாமனார் டிகாக்‌ஷன் இறக்கக் கற்றுக்கொண்டார். மூன்றாவது வாரம் கணவன் சட்னி அரைத்தான், உப்பை மறந்து. மருமகள் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டபோது கிடைக்காத உதவி, இருவரும் சேர்ந்து காணாமல் போனதும் தானாக வந்தது. பறிபோய்விட்டது என்று அவள் நினைத்த ஒரு மணி நேரம் அதன் பிறகுதான் முழுதாகக் கிடைத்தது. ஆறரைக்கு இறங்கி ஓடுவதில்லை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மூன்று காலைகளில் அது நிறைந்துவிடுகிறது. மாமியாரின் சர்க்கரை மாயமாக இறங்கிவிடவில்லை, மாத்திரை தொடர்கிறது. ஆனால், மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறார்.

சென்ற மாதம் கோச், சனிக்கிழமையும் சேர்த்து வாரம் நான்கு நாளாக்கலாமா என்று கேட்டார். வீட்டில் பேச்சு வந்ததும் மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “மூணு நாளே போதுமே, உடம்புக்கு ஓய்வு வேணாமா?” என்றார்.

“யார் உடம்புக்கு?” என்றார்கள் மாமியாரும் மருமகளும், ஒரே குரலில்.