சொந்த வண்டி

களம்போலி இரும்பு மார்க்கெட்டில் மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. நவி மும்பையின் அந்த மூலையிலிருந்துதான் 16 வருடங்களாக லாரியில் போய் வருகிறேன். முதல் 3 வருடம் கிளீனர், பிறகு டிரைவர். இத்தனை காலத்தில் எந்த வண்டியின் கதவிலும் என் பெயர் எழுதப்பட்டதில்லை. அது ஒரு குறையாகத்தான் இருந்தது.

2024 நவம்பரில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவரிடம் ஆறு லாரிகள். என் அப்பாவைப் போலவே திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர்; எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. "தம்பி, எனக்கு வயசாச்சு. நீ ஓட்டுற வண்டியை நீயே எடுத்துக்க. வெளியில 15 லட்சம் சொல்லுவேன், உனக்கு 14" என்றார். 2016-ல் பதிவான பத்துச் சக்கர வண்டி. பல அச்சு வண்டிக்கு 15 வயது வரை நேஷனல் பர்மிட் உண்டு என்பதால், இன்னும் ஆறேழு வருடம் நாடு முழுக்க ஓட்டலாம். கண்டாலா மலையேற்றத்தில் அது எந்த இடத்தில் முனகும் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

நகையை விற்றால் 4 லட்சம் தேறும். மீதி 10 லட்சத்துக்கு பைனான்ஸ். மாதம் 28,300 வீதம் 48 மாதம். மனைவியிடம் சொன்னேன். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நேரம். "நகை போனாப் போகட்டும். டியூ கட்ட முடியாம வண்டியும் போனா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டிரைவராக இருந்தவனுக்கு வண்டியைத் தெரியும், ரோட்டைத் தெரியும், கணக்கு தெரியாது. எனவே அண்ணாச்சியிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒரு மாதம் வண்டியை என் கணக்கில் ஓட்டுகிறேன். சம்பளம் வேண்டாம். பைனான்ஸ்காரனுக்குக் கட்டுவதுபோல 28,300 ரூபாயை உங்களிடம் கட்டிவிடுகிறேன். லாபமோ நஷ்டமோ என்னோடது. அவர் சிரித்தார். "நான் 92-ல முதல் வண்டி வாங்கினப்போ இந்த புத்தி இல்லியே" என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் நடை பெங்களூருக்கு. போக வாடகை 42,000, திரும்ப 34,000. போக வர 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று 500 லிட்டர் டீசல், அதுவே 45,000. டோல் 11,000. புரோக்கர் கமிஷன், கிளீனர் பேட்டா, சாப்பாடு, வழிச்செலவு 6,000. மிச்சம் 14,000. ஆறே நாள்! மாதம் ஐந்து நடை என்றால் 70,000 என்று மனசு பெருக்கிப் பார்த்தது. அன்று ராத்திரி தூக்கமில்லை. கதவில் மகள் பெயரை எழுதுவதா, குலசாமி பெயரை எழுதுவதா என்றுகூட யோசித்தேன்.

இரண்டாவது நடையில் பீன்யாவில் சரக்கை இறக்க நான்கு நாள் காத்துக் கிடந்தேன். கோடவுனில் இடமில்லையாம். ஹால்டிங் சார்ஜ் கேட்டால், "உங்க ஆபீசைக் கேளு" என்றார்கள். எனக்கு ஏது ஆபீஸ்? திரும்பும் லோடுக்கு 26,000-க்கு மேல் யாரும் தரவில்லை. காத்திருந்த செலவும் போக நின்றது 4,000. மூன்றாவது நடையில் நிப்பாணி அருகே டயர் வெடித்தது. புதுசுக்கு 22,000, அந்த நடையில் கைக்காசு 8,000 போனது. நான்காவது நடையில் எந்த வில்லங்கமும் இல்லை, 14,000 நின்றது. அதிலும் 9,000 ரூபாய் பாக்கி. டெலிவரி ரசீது கொடுத்தும் "அடுத்த வாரம்" என்றார்கள்.

நான்கு நடைக்கும் சேர்த்து 24,000. அண்ணாச்சிக்குக் கட்ட வேண்டியது 28,300. என் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே வருடம் 43,950, பர்மிட் 16,500. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. வேறு. இவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"டயர் மாசாமாசமா வெடிக்கும்?" என்றேன் மனைவியிடம். "பத்து டயர் இருக்குல்ல?" என்றாள்.

அண்ணாச்சி ஒற்றை வண்டியில்தானே தொடங்கினார் என்று தோன்றும். அன்று டீசல் விலையை அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் பிடியை விட்டது. 2017 ஜூனிலிருந்து விலை தினசரி மாறலாம் என்றாகிவிட்டது. வாடகை அப்படி மாறுவதில்லை. 2018-ல் எங்கள் மாதிரி வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தபோது சந்தோஷப்பட்டோம். கூட ஏற்றலாம்தான், ஆனால் அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதுமே! நல்லதும் நடக்காமலில்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாநில எல்லைகளில் விற்பனை வரி செக்போஸ்ட்டில் காத்துக் கிடக்கும் தலைவேதனை ஒழிந்தது.

ஆனால் என்னைத் தோற்கடித்தது டீசலோ டயரோ அல்ல. அண்ணாச்சி ஒரு போன் போட்டால் ஹூப்ளியில் லோடு நிற்கும். ஆறு வண்டியில் ஒன்று படுத்தாலும் ஐந்து ஓடும். நான் போன் போட்டால், "யாரு பேசுறது?" என்பார்கள். 16 வருடம் அவர்கள் வாசலில் லோடு ஏற்றியவன், அவர்களுக்கு வண்டி நம்பராக மட்டுமே தெரிந்திருந்தேன்.

குறைந்த 4,300 ரூபாயைக் கையிலிருந்து போட்டுக் கட்டினேன். "வண்டி வேண்டாம் அண்ணாச்சி. ஆறு வண்டிக்கும் திரும்பும் லோடு பேசுற வேலையைக் குடுங்க, ஓட்டிக்கிட்டே பார்த்துக்கறேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு புரோக்கர்களின் நம்பர் எழுதிய பழைய டயரியைத் தூக்கிக் கொடுத்தார்.

அந்த வண்டியைத் தை மாதம் லாத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார். அவரே டிரைவர், அவரே முதலாளி. கதவில் அவருடைய அம்மா பெயர். எனக்கு வேறு வண்டி. போன வாரம் ஹூப்ளியில் அவர் லோடில்லாமல் மூன்று நாளாக நிற்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு லோடு பிடித்துக் கொடுத்தேன். 27,000 பேசியிருந்தேன். 30 கிடைக்காதா என்று கேட்டார்.