கார்த்திகைக் குளிரில் அண்ணாமலை: பையில் எதை வைப்பது, காலில் எதைப் போடுவது?

திருவண்ணாமலை என்றால் வெயில் ஊர் என்பதுதான் பலரின் நினைப்பு. சித்ரா பௌர்ணமிக்கு வந்து, சூடு ஆறாத சாலையில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தவர்கள், கார்த்திகை தீபத்துக்கும் அதே பையோடு வந்து இறங்குகிறார்கள். ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், செல்போன். அவ்வளவுதான். பேருந்தை விட்டு இறங்கி ராஜகோபுரம் வருவதற்குள் தூறல் பிடித்துக்கொள்கிறது. நள்ளிரவில் மலையின் மேற்குப் பக்கம் போய்ச் சேரும்போது பல் தந்தியடிக்கிறது.

இத்தனைக்கும் தெர்மாமீட்டர் பெரிதாக ஒன்றும் சொல்லாது. கார்த்திகை, மார்கழி இரவுகளில் இந்த ஊரில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால், இங்கே நடுங்க வைப்பது குளிர் அல்ல, ஈரம். வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிற திருவிழா இது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு, காற்றடிக்கும் சாலையில் நான்கைந்து மணி நேரம் நடப்பவருக்கு 20 டிகிரியே போதும்.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உலகின் வேறொரு மூலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் சீசன் முடியும் நேரத்தில், பனியில், எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள் துப்பாக்கிக்கு நிகராகக் கவலைப்படுவது உள்ளாடையைப் பற்றித்தான். உடம்பை ஒட்டிப் பருத்தித் துணி போடக் கூடாது என்பது அங்கே பாலபாடம். வியர்வையை வெளியேற்றும் மெல்லிய துணி முதலில், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஒரு கோட்டு என்று அடுக்கடுக்காகப் போடுவார்கள். ஏறும்போது கழற்றுவார்கள், உட்காரும்போது போட்டுக்கொள்வார்கள். அண்ணாமலைக்கு வருகிறவர் வேட்டைக்காரரும் அல்ல, இங்கே பனியும் விழுவதில்லை. அந்தக் கடைசிப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கினால் போதும். நடக்கும்போது குறைவான துணி, நின்றால் கூடுதல் துணி. நம்மவர்கள் செய்வது நேர் தலைகீழ். புறப்படும்போதே ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டாவது கிலோமீட்டரில் வியர்த்துக் கொட்டி, பிறகு அந்த வியர்வையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நடுங்குகிறார்கள்.

வேட்டியா, பேன்ட்டா?

கோயிலுக்கு வருகிறவரிடம் வேட்டி கட்டாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால், இன்னொரு வேட்டியும் ஒரு சட்டையும் பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, பையின் அடியில் இருக்கட்டும். கிரிவலம் முடியும் வரை அதைத் தொடக் கூடாது. முடிந்த கையோடு ஈரத்தை அவிழ்த்துவிட்டு அதற்கு மாறிக்கொண்டால், ஊர் திரும்பும் பேருந்துப் பயணம் காய்ச்சலில் முடியாது. பெண்களுக்குப் பருத்திப் புடவையைவிட பாலியஸ்டர் கலந்த புடவை சீக்கிரம் காயும். புடவையின் கீழ்ப்பகுதி நனைந்தால் காலைச் சுற்றிக் கனக்கும் என்பதால், கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுவது நல்லது. சுடிதார் இன்னும் சௌகரியம்.

குடை கிரிவலப் பாதையில் பாதித் தூரத்துக்குத்தான் உதவும். லட்சக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நடக்கும் இரவில், குடைக் கம்பி பக்கத்தில் வருபவரின் கண்ணைப் பதம் பார்க்கும். தலையோடு போர்த்தும் மழைக்கோட்டுதான் சரி. பாதையோரக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு கிடைக்கும். அது ஒரு மழைக்குத் தாங்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் மட்டும் கடையை நம்பாமல், குல்லாவும் காலுறையும் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும். குழந்தை தோளில் அசையாமல் தூங்குகிறது. நடப்பவருக்கு வியர்க்கிறதே என்று அதன் போர்வையை விலக்கிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்க முடிகிறது.

14 கிலோமீட்டர், வெறுங்கால்

மற்ற மலைகளில் முதலில் ஷூவைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. அண்ணாமலையில் மலையே லிங்கம் என்பதால், அதைச் சுற்றும் 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல்தான். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். மலையை வலக்கைப் பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாக நடப்பது வழக்கம். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கானது என்பது நம்பிக்கை.

மழைக்காலத்தில் வெறுங்காலுக்கு நேரும் சிக்கலே வேறு. கோடையில் கொப்புளம் சூட்டினால் வரும். இப்போது ஈரத்தில் ஊறி, உள்ளங்கால் தோல் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். அந்தத் தோலில் சின்னக் கல்லும் எளிதாகக் கிழிக்கும். வருவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டு மாடியிலோ தெருவிலோ தினம் அரை மணி நேரம் வெறுங்காலோடு நடந்து பழகுவது எந்த க்ரீமையும்விட மேல். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். புறப்படும்போது பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் ஈரம் ஊறுவது கொஞ்சம் குறையும். வழியில் உட்காரும்போதெல்லாம் விரலிடுக்கைத் துண்டால் துடைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இதில் வீம்பு காட்டக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதே தெரியாது. வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள் வீங்கும்போதுதான் தெரியும். தடித்த காலுறை போட்டு நடப்பவர்கள் பாதையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, நனைந்ததை மாற்றிக்கொண்டே போகலாம். முடியாதவர் ஆட்டோவில் சுற்றினாலும் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பும் வரை கடைகளும் கட்டடங்களும் காற்றை மறைக்கும். திரும்பிய பிறகுதான் மலையும் காடும் பக்கத்தில் வருகின்றன. காற்றும் அங்கிருந்துதான். மடித்து வைத்த ஸ்வெட்டரை எடுக்கும் இடம் அதுதான். அடி அண்ணாமலை வரும்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கும். சுக்குக் காபிக்கு நிற்கலாம், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் விறைத்துக்கொள்ளும். தின்பண்டம் பையின் உள்ளே இருக்கட்டும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை என்றால் பகல் வேளையில் குரங்குகளுக்கு அது அழைப்பிதழ்.

இன்னொன்று, தீபத்தன்று கூட்டத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவைத்து, குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டை வைத்துவிட வேண்டும்.

மேலே போவது வேறு கதை

கிரிவலம் ஒன்று, மலையேற்றம் வேறு. உச்சி 2,668 அடி. ஊரிலிருந்து பார்த்தால் 600 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும் என்று கணக்குப் போட்டால், உச்சியில் ஊரைவிட நான்கு டிகிரி குளிர் அதிகம். அதன் மேல் மறைப்பில்லாத காற்று. அங்கே பாறையே எதிரி. ஆண்டாண்டு காலமாக நெய்யும் புகைக்கரியும் படிந்து உச்சிப் பாறைகள் கறுத்து வழவழவென்று இருக்கின்றன. மழையும் சேர்ந்தால் நிற்கவே முடியாது.

வனத் துறை அனுமதியில்லாமல் மலையேறக் கூடாது. தீபத்தன்று மட்டும் அடையாள அட்டையைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிய 2,500 பேரை விடுவது சில ஆண்டுகளாக இருந்த ஏற்பாடு. 2024-ல் அதுவும் இல்லாமல் போனது. அந்த ஆண்டு நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1-ம் தேதி, கொட்டித் தீர்த்த மழையில் மலைச்சரிவு பிய்த்துக்கொண்டு வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13-ம் தேதி, உச்சியில் தீபம் ஏறியது. பக்தர்கள் கீழே நின்று கும்பிட்டார்கள். அந்த ஏழு பேர் மலையேறப் போனவர்கள் அல்ல. அடிவாரத்தில் தங்கள் வீட்டில் இருந்தவர்கள். ஊறிப்போன மண்ணுக்கு முன்னால் எந்த மழைக்கோட்டும் ஒன்றுமில்லை. ‘யாருக்கும் தெரியாமல் குறுக்கு வழியில் ஏறிவிடலாம்’ என்று வழிகாட்டும் ஆட்களிடம் காசைக் கொடுப்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

எந்த ஆண்டும் மேலே போயே ஆக வேண்டியவர்கள் தீபம் ஏற்றுகிறவர்கள்தான். பர்வதராஜ குலத்தினர் வழிவழியாகச் செய்துவரும் பணி இது. ஆளுயரக் கொப்பரையை முதல் நாளே தோளில் சுமந்து மேலே கொண்டுபோகிறார்கள். பிறகு 3,500 கிலோ அளவில் நெய், 1,000 மீட்டர் அளவில் திரிக்கான காடாத் துணி. எல்லாம் தோளிலும் தலையிலும்தான் ஏற வேண்டும். இவர்களுடைய மூட்டையில் முதலில் நனையாமல் காக்கப்படுவது அவர்களின் உடை அல்ல, திரி. அடிவாரத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் மாலை 6 மணிக்கு, கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து நிற்கும் அந்தக் கணத்தில் அது பற்றியாக வேண்டும். பதினொரு நாள் எரியும் தீபம். அத்தனை நாளும் நெய் விடவும் திரி போடவும் ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

உடை என்ற பேச்சு வந்துவிட்டால் இந்த ஊரில் ரமணரை விட்டுவிட முடியாது. 1896 செப்டம்பர் 1-ம் தேதி வந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன், அய்யங்குளத்தில் மொட்டையடித்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்துக் கௌபீனமாகக் கட்டிக்கொண்டார். குளிக்காமலே கோயிலுக்குத் திரும்பியவரை மழை பெய்து நனைத்தது என்று வரலாறு சொல்கிறது. பிறகு 1922 வரை விரூபாக்ஷ குகை, கந்தாசிரமம் என்று மலையிலேயே பல ஆண்டுகள். உடைமை என்று பார்த்தால் கௌபீனம், துண்டு, கைத்தடி, கமண்டலம். அவரைப் பார்த்து நாமும் ஒரு துண்டோடு போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் ஆசிரமக் கூடத்தில் அவர் பக்கத்தில் கரிக் கணப்பு இருந்தது, குளிர்காலத்தில் அதில் கைகளைக் காய்ச்சிக்கொள்வார்.

மலையேற அனுமதி உண்டா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு வந்த பிறகு பையைக் கட்டினால் போதும். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் தீபத்தன்று வராமல், அது எரியும் பதினொரு நாளில் ஒரு சாதாரண இரவில் வரலாம். கடைகள் குறைவு என்பதால் வெந்நீர் பிளாஸ்க் ஒன்று கூடுதலாக வேண்டும். பாதை முழுக்க, வலப்பக்கம் தலைக்கு மேலே அந்தச் சுடர் தெரிந்துகொண்டே வரும். எரிந்து முடிந்த திரியின் கரியிலிருந்து எடுக்கும் தீப மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்தப்பட்டு, பிறகு பக்தர்களுக்குக் கிடைக்கும்.