குறை இருக்கட்டும், பயன்படுத்துங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதற்காக நன்றாக ஓடும் மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம்.

குறையே இல்லையா? இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் வேர்டு கோப்பைத் திறந்தால் சில நேரம் அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாவும். சில பிரிண்டர்கள் அடம்பிடிக்கும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் தொங்கத்தானே செய்கிறது? அதன் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட நமக்கு உரிமையில்லை. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலோ எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் ஃபயர்பாக்ஸ் உலாவி, விஎல்சி பிளேயர்; பிறகு லிப்ரே ஆபீஸ். கோளாறு கண்டால் உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். ஆள் கூடினால்தான் குறை குறையும்.