மீட்டரில் என்ன கலர் லைட்?

எங்கள் காலனியில் இப்போது ஒன்பது பைக்குகளின் மீட்டரில் எல்இடி எரிகிறது. ஆறு நீலம், இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. ஸ்பீடாமீட்டர் கண்ணாடிக்குள் எரியும் இத்தனூண்டு விளக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த விளக்கைப் பற்றிப் போன மாதம் ஒரு காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அதனால் எழுதுகிறோம்.

நாங்கள் என்பது மன்றத்துக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்தும் நான்கு பேர். ஊர் விழுப்புரம் பக்கம். வகுப்பு பத்தாம் வகுப்புக் கணக்குக்காகவும் இங்கிலீஷுக்காகவும் தொடங்கியது. எட்டு மணிக்கு மேல் அது பைக் பட்டறையாக மாறியது எங்கள் திட்டத்தில் இல்லாதது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்த ஒரு தம்பி தன் பழைய 100 சிசி வண்டியின் மீட்டரைக் கழற்றி எங்கள் மேசைமேல் வைத்தான். அன்றிலிருந்து கணக்குக்கு வராத பையன்களும் வர ஆரம்பித்தார்கள்.

அந்த வண்டிகளின் மீட்டர் விளக்கு ஒரு சின்ன குண்டு பல்ப். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் மீட்டருக்கும் பேட்டரியிலிருந்து கரன்ட் வராது. மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏசியாக வரும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் விளக்கு மங்கும், முறுக்கினால் பிரகாசமாகும். இருட்டில், குழி நிறைந்த ரோட்டில், மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் வேண்டும். அப்போதுதான் அது இருக்காது. பையன்கள் எல்இடிக்கு மாற நினைத்ததற்கு முதல் காரணம் இதுதான், அழகு இரண்டாவது. அழகுக்காக மட்டுமே மாற்றியிருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஏசி வயரில் எல்இடியை அப்படியே வைத்தால் மினுக்கும், சீக்கிரம் போய்விடும். எல்இடியில் கரன்ட் ஒரு பக்கமாகத்தான் போகும். எனவே நான்கு டையோடு வைத்து டிசியாக மாற்ற வேண்டும், அல்லது பேட்டரி லைனிலிருந்து தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். அடுத்தது ரெசிஸ்டர். 12 வோல்ட் வண்டி என்கிறோம், ஆனால் இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும். நீல எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். மீதி 11 வோல்ட்டை 0.02ஆல் வகுத்தால் 550 ஓம். கடையில் கிடைப்பது 560. சிவப்புக்கு 2 வோல்ட்தான், அதற்குக் கணக்கு வேறு. ஓம் விதியில் மூன்று முறை ஃபெயிலான ஒரு பையன் இந்தக் கணக்கை மனதிலேயே போடுகிறான். அவனுக்குப் பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

எல்இடியின் வெளிச்சம் நேராக ஒரு புள்ளியில் அடிக்கும். டயலில் ஓரிடம் பளிச்சென்றும் மற்ற இடம் இருட்டாகவும் தெரியும். அதற்கு அதன் தலையை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குகிறார்கள். டயலின் பின்னால் பச்சை பூசியிருந்தால் சிவப்பு எல்இடி வைத்துப் பயனில்லை, வெளிச்சம் வெளியே வராது. சில வண்டிகளில் இடது, வலது இண்டிகேட்டர் இரண்டுக்கும் மீட்டரில் ஒரே பல்ப்தான். இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் அதை மாட்டியிருப்பார்கள். குண்டு பல்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து கரன்ட் வந்தாலும் சரி. எல்இடி மாட்டினால் ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும். பையன்கள் இதில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு 4007 டையோடும் ஒரு எர்த் வயரும் வைத்துத் தீர்த்தார்கள். சாமான் வாங்க மாதம் ஒருமுறை இரண்டு பேர் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்வருவார்கள். பழைய மீட்டருக்குப் புதுப்பேட்டை.

நிறத்துக்கு வருவோம். நீலத்தை யாரும் தீர்மானம் போட்டு எடுக்கவில்லை, ஆனால் தற்செயலும் இல்லை. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியிலிருந்து இன்றுவரை அது எங்கள் நிறம். வகுப்பில் ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்ன தகவல் எங்களுக்குப் பிடித்திருந்தது: சிவப்பு எல்இடி 1962லேயே வந்துவிட்டது, நல்ல வெளிச்சமான நீலத்துக்கு 1990கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதைச் செய்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. “நம்ம கலருக்குத்தான்க்கா முப்பது வருஷம் லேட்டு” என்றான்.

போன மாதம் மாலைப் பாலை ஊற்றிவிட்டு சொசைட்டியிலிருந்து திரும்பிய ஒரு தம்பியை ஊர்த்தெரு முனையில் இரண்டு பேர் நிறுத்தினார்கள். காலனிக்காரனுக்கு எதற்கு நீல லைட்டு என்று தொடங்கி, நாங்கள் இங்கே எழுத விரும்பாத வார்த்தைகளில் போய், ஒரு கருங்கல்லால் மீட்டரை உடைத்து முடிந்தது. அவனுக்கு மணிக்கட்டில் கண்ணாடி கீறியது, அவ்வளவுதான். “அவ்வளவுதான்” என்று எங்களால் எழுத முடிகிறது, ஏனென்றால் எங்களுக்கு ஒப்பிட வேறு சம்பவங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவர் புல்லட் ஓட்டியதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டிக் கைகளில் வெட்டினார்கள் என்பது வழக்கு.

நிலையத்தில் முதலில் கேட்டது: “மீட்டர் லைட்டுக்கெல்லாமா பிசிஆர் கேசு?” இரண்டாவது: “வண்டியை மாடிஃபை பண்ணியிருக்கான், முறைப்படி பாத்தா அவன்மேலதான் கேசு.” மூன்றாவது: “விசாரிச்சுட்டு அப்புறம் பாக்கலாம், இப்போ எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

மூன்றுக்கும் பதில் எங்கள் பையில் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பிரிவு 3(1)இன் கடைசிப் பகுதியில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ போடுவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ போவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தையே சட்டத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து “புதுத்துணி” என்று குற்றவியல் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால் அந்த நாட்டைப் பற்றி வேறு என்ன ஆய்வு வேண்டும்? வண்டி மாற்றம் குறித்த மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 ஆர்சி புத்தகத்தில் பதிந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றியது. மீட்டர் விளக்கின் நிறத்துக்கு ஆர்சியில் கட்டம் கிடையாது. எஃப்ஐஆர் போடும் முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த பிரிவு 18அ சொல்கிறது. மூன்று மணி நேரம் இதற்குத்தான். கடைசியில் எஃப்ஐஆர் போட்டார்கள். விதிப்படி டிஎஸ்பி அந்தஸ்தில் ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். உடைந்த மீட்டரைச் சான்றாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

இது எதிரிலிருந்து வந்தது. பக்கத்திலிருந்து வந்தவைதான் எங்களைத் தூங்கவிடவில்லை.

எங்களுடன் நல்ல உறவில் இருக்கும் ஓர் ஆசிரியர் கேட்டார்: நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கலர் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னதே, நீங்கள் நீல விளக்கை ஆதரிப்பது எப்படி? கேள்வி நியாயமானது, நகர்ந்துபோக விரும்பவில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் கயிறு எதற்குக் கட்டுகிறார்கள்? யார் எந்தச் சாதி என்று பார்த்து அணிசேர, அடிக்க. கட்டாதவனுக்கும் சாதி இருக்கிறது, அவன் கையில் கயிறு இல்லாததே அவனை அடையாளம் காட்டுகிறது. அம்பேத்கரின் நிறம் யாரையும் கீழே வைக்கச் சொல்லும் நிறம் அல்ல. இருந்தாலும் ஒரு பையன் தன் விளக்கை “நம்ம சாதி லைட்டு” என்று சொன்ன அன்று, வகுப்பில் கணக்கை நிறுத்திவிட்டு அதைப் பேசினோம். சாதியை ஒழிக்கச் சொன்னவரின் நிறத்தைச் சாதிக்கு அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது. இது ஒரே நாளில் தீரும் பேச்சு இல்லை.

சமூகவியல் படித்த நண்பர்களிடமிருந்து வேறு மாதிரி வந்தது. பைக்கை அலங்கரிப்பது நுகர்வுக் கலாச்சாரம், மேல்தட்டைப் போலச் செய்யும் ஆசை, சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாதலின் இன்றைய வடிவம். நாங்களும் இதையெல்லாம் பரீட்சைக்கு எழுதியவர்கள்தாம். யாரைப் போலச் செய்கிறான் அவன்? ஊர்த்தெருவில் நிற்கும் பைக்கில் தொழிற்சாலை மாட்டியனுப்பிய பல்ப் அப்படியே இருக்கிறது. பழைய மீட்டரை வாங்கி, ஊசியைத் தாங்கிக் கழற்றி, ஈயம் உருக்கி, தன் கையால் ஒன்றைச் செய்பவனை நுகர்வோன் என்று சொல்லும் கோட்பாட்டை அலமாரியிலேயே விட்டுவிடலாம். வண்டிக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு பழையது. 1901இல் கோரேகானுக்குப் போன சிறுவன் பீமராவுக்கு வண்டிக்காரர் வண்டி ஓட்ட மறுத்தார். இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையே ஓட்டச் சொல்லிவிட்டுக் கூடவே நடந்து வந்தார். 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிப்போக மறுத்ததால் ஓட்டத் தெரியாத நம்மவர் ஒருவர் ஓட்டி, அவர் கீழே விழுந்து கால் முறிந்தது. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாவது குரல் அந்தத் தம்பியின் அம்மா. “கலரை மாத்திடச் சொல்லும்மா. வெள்ள லைட்டுன்னா யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நீலத்தை மாற்றச் சொல்ல எங்களிடமே ஒரு நல்ல காரணம் உண்டு. ஹைபீம் போட்டிருக்கிறோம் என்று மீட்டரில் காட்டும் விளக்கு நீல நிறம். டயல் முழுக்க நீலமாக எரிந்தால் அது தெரியாது. எதிரே வருபவர் கண்ணில் ஹைபீம் அடித்துக்கொண்டே போவான், அவனுக்கே தெரியாது. அதோடு, இருட்டுக்குப் பழகிய கண்ணை நீலம் கெடுக்கும், சிவப்பு அவ்வளவு கெடுக்காது. சாதாரண நாளாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்போம். இப்போது அதையே சொன்னால் கல்லெடுத்து அடித்தவன் கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறோம். எங்களில் ஒருவர், அவர்கள் கேட்டதற்காகச் சரியானதைச் செய்யாமல் இருப்பதும் அவர்கள் சொற்படி நடப்பதுதான் என்றார். இன்னொருவர், இந்த வருடம் மாற்றக் கூடாது, அடுத்த வருடம் மாற்றலாம் என்றார். இரவு பதினொன்று வரை ஓடியது.

தம்பி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. புதுப்பேட்டையில் 350 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கிவந்திருந்தான். ஹைபீம் விளக்கின் குழியைச் சுற்றிக் கறுப்புத் தகடு வெட்டி ஒட்டி, டயலின் வெளிச்சம் அதற்குள் கசியாமல் செய்தான். ரெசிஸ்டரை 560லிருந்து 2,200 ஓமுக்கு ஏற்றி நீலத்தை மங்கலாக்கினான். ராத்திரி வெளியே நிறுத்திப் பார்த்தோம். எண்கள் தெரிகின்றன, கண் கூசவில்லை, ஹைபீம் போட்டால் தனியாகப் பளிச்சென்று தெரிகிறது. எங்களுக்குத் திருப்தி.

அம்மாவுக்கு இல்லை. “சரி, நீலமே இருக்கட்டும். வேணும்னா அணைக்கிற மாதிரி ஒரு சுச்சு வையி.”

இந்த ஒரு சொல்லில் எல்லோரும் அமைதியானோம். அவருடைய கணவர் காலத்தில் ஊர்த்தெரு வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்பது அந்த இறங்குதலை ஒரு விரல் அசைவாகச் சுருக்கித் தரச் சொல்வது. எங்களில் ஒருவர் கூடாது என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர்த்தெரு வழியாகத் திரும்பி வருவது அவர் பையன்.

குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இன்று 38ஆம் நாள். சுவிட்சை இடது கைப்பிடிக்குக் கீழே, டேங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அதை எந்த இடத்தில் அழுத்துகிறான், அழுத்துகிறானா என்று நாங்கள் கேட்கவில்லை.