யார் கையால் உண்பது?

வன்னிப் பெருநிலத்துப் பழைய வீடுகளில் உணவு கொடுக்கப்படும் பொருளாக இருந்ததேயன்றி, விற்கப்படும் பொருளாக இருந்ததில்லை. வெயிலேறிய வேளையில் படலையைத் திறந்து வருபவர் யாராயினும், 'இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ' என்ற சொல்லே அவரை முதலில் எதிர்கொள்ளும். இவ்விருந்தோம்பலை எண்ணிப் பெருமை கொள்வதற்கு நமக்கு நியாயமுண்டு. ஆயின், அப்படலையைத் திறந்து வந்த அனைவரும் ஒரே இடத்தில் இருத்தப்பெற்று, ஒரே வகையான ஏனத்தில் உணவு பெற்றனரா என்று கேட்குமிடத்து, அப்பெருமை சற்றே தயங்கி நிற்கின்றது.

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் வாழும் ஆச்சி ஒருவருக்கு இவ்வினா எழுபது வயதைக் கடந்த பின்னரே எழுந்தது. அது எழுந்த இடம் கோயிலுமன்று, கூட்ட மண்டபமுமன்று. புதிதாகத் திறக்கப்பட்ட ஓர் உணவகம்.

ஆச்சியின் பெற்றோர் 1950களில், குடியேற்றத் திட்டத்தின் வழி காணி பெற்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். 1902இல் கட்டத் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் நீர், காட்டை வயலாக்கிய காலம் அது. ஆச்சி அம்மண்ணிலேயே வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டவர். அவருடைய வாழ்வில் மாறாத விதி ஒன்றிருந்தது. அவர் கடையில் உண்பதில்லை. வைத்தியசாலைக்கெனக் கிளிநொச்சிக்குச் சென்றாலும், வாழையிலையில் கட்டிய பிட்டும் ஒரு போத்தல் தண்ணீரும் அவருடன் செல்லும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபின் வாங்கும் கச்சான் ஒன்றே அவர் கைநீட்டி வாங்கியுண்ட கடைப்பண்டம் எனலாம்.

'கடைச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துவராது' என்பது அவர் வெளியே கூறிய காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. 'ஆர் சமைச்சது எண்டு தெரியாமல் வாயில வைக்காதை' என்று அவருடைய தாயார் சிறுவயதிற் கற்பித்த பாடமே அது. உணவின் சுவையையோ தூய்மையையோ நோக்கியதன்று அப்பாடம். சமைத்தவரின் பிறப்பை நோக்கியது.

இப்பாடம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வடபுலத்தில் உணவுக் கடையின் வரலாறே இதனோடு பிணைந்துள்ளது. பொதுவிடங்களில் மனிதரைப் பிறப்பினால் விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. எனினும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியே நின்று போத்தலிலும் தகரப்பேணியிலுமே தேநீர் பெற்றனர். 1966இன் பிற்பகுதியிலிருந்து கோயிற் கதவுகளைத் திறப்பதற்காக எழுந்த போராட்டம் தேநீர்க் கடைகளின் வாயில்களிலும் நடைபெற்றது. அதிற் குருதி சிந்தியவர் பலர். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அக்காலத்தின் இலக்கியப் பதிவாக நம்மிடம் உள்ளது. ஒரு கோப்பைத் தேநீரை உள்ளே இருந்து குடிப்பதற்கு ஒரு சமுதாயம் உயிர்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மனங்கொள்வோமாயின், உணவகத்தில் உண்பது வெறும் பொழுதுபோக்கு எனக் கூற நமக்கு நாவெழாது.

குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள் விதைநெல்லோடு அவ்வழக்கத்தையும் கொண்டுவந்தனர். இங்கே அது புதியதொரு வடிவம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர், 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டின் வன்செயலாலும் வடக்கு நோக்கி வந்தனர். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தருமபுரம் ஆகிய இடங்களில் அவர்களுட் பலர் குடியேறினர். குளத்து நீர் பாயாத மேட்டு நிலங்களில் வாழ்ந்த அம்மக்கள், நீர் பாயும் வயல்களுக்குக் கூலிகளாகச் சென்றனர்.

ஆச்சியின் வயலுக்கும் அவ்வாறு ஒரு பெண் களை பிடுங்க வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி அவளுடைய சிறுமகளும் வருவாள். அவ்விருவருக்கும் ஆச்சி வயிறார உணவு கொடுத்தார். சோற்றின் அளவிற் குறைவைத்ததில்லை. பிள்ளை என்று ஒரு கரண்டி தயிர் மேலதிகமாகவும் விடுவார். ஆயினும் உணவு பின்விறாந்தையிலேயே கொடுக்கப்பட்டது. தேநீருக்கென ஒரு தகரப்பேணி கிடுகுக் கூரையின் இறப்பிற் செருகப்பட்டிருந்தது. குடித்து முடித்ததும் அதைக் கழுவி மீண்டும் அங்கே செருகிவிட்டுச் செல்ல வேண்டுமென்பதை அப்பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆச்சியின் உள்ளத்தில் இது ஒருபோதும் உறுத்தியதில்லை. நிறையக் கொடுத்தவருக்குத் தாம் குறையாகக் கொடுத்தது எது என்பது எளிதிற் புலப்படுவதில்லை போலும்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட்டக்கச்சி வெறுமையாயிற்று. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என நகர்ந்த மக்கள் வெள்ளத்தில் ஆச்சியின் குடும்பமும் ஒன்று. அரிசியும் நீரும் உப்புமாகக் கிடைத்த கஞ்சியை யார் காய்ச்சினார் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. பின்னர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில், தட்டேந்தி வரிசையில் நின்ற நாட்களிலும் அவ்வினா எழவில்லை. பிறப்பால் உயர்ந்தோரெனத் தம்மைக் கருதியோரும், தாழ்ந்தோரெனக் கருதப்பட்டோரும் ஒரே வெயிலில் ஒருவர்பின் ஒருவராக நின்றனர்.

அவ்வரிசையிலேயே சாதி அழிந்துவிட்டதெனச் சிலர் எழுதியதுண்டு. ஆச்சியின் வாழ்வு அவ்வாறு சான்று பகரவில்லை. 2010இல் ஊர் திரும்பி, இடிந்த சுவரைப் பூசி, தகரக் கூரை போட்டு, அடுப்பு மூட்டியதும் பழைய வழக்கமும் வீடு திரும்பிற்று. வற்புறுத்தலால் வந்த சமத்துவம் வற்புறுத்தல் நீங்கியதும் நீங்கிவிட்டது. முகாமில் உண்டதை அவர் உணவாகவே எண்ணவில்லை. அதனைத் தாம் பட்ட துன்பங்களுள் ஒன்றாகவே எண்ணினார்.

போருக்குப் பின்னைய பத்தாண்டில், வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் 'அம்மாச்சி' என்னும் பெயருடைய பாரம்பரிய உணவகங்கள் தோன்றின. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா உள்ளிட்ட மாவட்டங்களில் அவை அமைந்தன. அவற்றிற் சமைப்போரும் விற்போரும் பெண்கள். குரக்கன் பிட்டு, இடியப்பம், தோசை, உழுந்து வடை, இலைக்கஞ்சி முதலானவை உண்போரின் கண்முன்னேயே ஆக்கப்படுகின்றன. போரிற் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்க நேர்ந்த பெண்கள் மிகுந்த மண்ணில், சமையல் என்னும் ஊதியமற்ற உழைப்பு ஊதியம் தரும் தொழிலானமை சிறிய மாற்றமன்று.

அத்தகைய உணவகம் திறந்த புதிதில், முதன்மாதச் சம்பளம் பெற்ற பேர்த்தி ஆச்சியை அங்கே அழைத்தாள்.

'கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது, பிள்ளை.'

'இது கடையில்லை, அம்மம்மா. பேரே அம்மாச்சி. உங்களைப் போல ஆக்கள் சமைக்கிற சாப்பாடுதான்.'

பேர்த்தியின் முதற் சம்பளத்தை மறுக்க மனமின்றி ஆச்சி சென்றார். தட்டில் குரக்கன் பிட்டு வந்தது, சம்பலும் வந்தது. தம் சிறுவயதில் வறுமையின் அடையாளமாக இருந்த குரக்கனை, சப்பாத்தணிந்த உத்தியோகத்தர் வரிசையில் நின்று வாங்குவதைக் கண்டு அவர் வியந்தார். பேர்த்தி உண்ணத் தொடங்கியபின்னும் அவர் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது.

அப்போது அடுப்பருகே நின்ற பெண் அருகில் வந்தாள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கலாம்.

'ஆச்சி, என்னைத் தெரியுதோ? அம்மாவோட உங்கட வயலுக்கு வாறனான். தயிர் விட்டுத் தருவீங்கள்.'

ஆச்சிக்குத் தெரிந்தது. முகத்தைவிட, 'தயிர்' என்ற சொல்லே அவளை இனங்காட்டியது. அப்பெண் கழுவிக் கவிழ்த்திருந்த பேணிகளுள் ஒன்றை எடுத்து, இஞ்சித் தேநீரை ஊற்றி மேசைமேல் வைத்தாள். பக்கத்து மேசையில் உத்தியோகத்தர் குடித்ததும், வாயிலருகே முச்சக்கரவண்டிச் சாரதி குடித்ததும், அவள் தானே தன் இடத்தில் வைத்திருந்ததும் அதேபோன்ற பேணிதான். ஆச்சி அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அம்மா எப்பிடி இருக்கிறா?'

'இல்லை, ஆச்சி. மாத்தளனில செல் விழுந்து செத்துப்போனா. உங்கட வீட்டைப் பற்றி எந்த நாளும் நல்லாத்தான் கதைப்பா.'

பழிச்சொல் ஒன்று வந்திருந்தால் ஆச்சி அதற்கு விடை தேடியிருப்பார். வந்தது நன்றி. அதற்கு விடை இருக்கவில்லை. அவர் பேணியை எடுத்துக் குடித்தார். பிட்டை ஒரு பருக்கை விடாமல் உண்டார். எழும்போது அப்பெண் காசு வேண்டாமென மறுத்தாள். தாங்கள் உண்ட சோற்றுக்கு இது ஈடாகுமா என்றாள்.

'அது வேற, பிள்ளை. இது உன்ர உழைப்பு. பிடி' என்று ஆச்சி காசை அவள் கையிலேயே வைத்தார். காசைத் தரையில் வைத்து எடுக்கச் செய்த காலமொன்று இருந்ததை அறிந்தவர்களுக்கு, கையிலே வைத்த அச்செயலின் பொருள் விளங்கும்.

வீடு திரும்பிய ஆச்சி நெடுநேரம் பின்விறாந்தையில் இருந்தார். அந்தத் தகரப்பேணி போரோடு போய்விட்டது. எடுத்து எறிவதற்கும் அது இல்லை. அதிற் குடித்தவளும் இல்லை. அவளிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவளுடைய மகளிடம் கேட்பது பொருந்துமா என்று அவர் பேர்த்தியிடம் வினவினார். பேர்த்திக்கும் விடை தெரியவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு அப்பெண்ணை ஆளனுப்பி அழைத்தார்கள். அவள் பிள்ளைகளுடன் வந்தாள். முன்விறாந்தையில் பாய் விரித்து, எல்லோருக்கும் ஒரே பானைப் பொங்கலை ஒரேவிதமான இலையிற் படைத்துவிட்டு, ஆச்சியும் அவர்களோடு அமர்ந்து உண்டார்.

ஒரு வேளை உணவால் தலைமுறைகளின் வழக்கம் ஒழிந்துவிடாது. நீர் பாயும் நிலம் யாரிடம், பாயாத நிலம் யாரிடம் என்னும் வினாவும், திருமணப் பேச்சு வரும்போது எழும் வினாவும் இன்னும் அப்படியே உள்ளன. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. விருந்தோம்பலில் கொடுப்பவர் மேலே நிற்கிறார். பெறுபவர் கீழே நிற்கிறார். முகாம் வரிசையிலோ எல்லோரும் கீழே நின்றனர். உணவகத்தில் மட்டும், உழைப்புக்கு விலை பெறுபவளும் விலை கொடுத்து உண்பவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். உணவுக்கு விலை குறிப்பதை இழிவெனக் கருதிய சமுதாயம், அவ்விலையே ஒருத்தியைப் பின்விறாந்தையிலிருந்து முன்னே கொண்டுவந்ததைக் காணவேண்டும்.

ஆச்சி இப்போதும் வைத்தியசாலைக்குச் செல்கிறார். பிட்டுப் பொதி கட்டுவதில்லை.